ஹார்வி ஒழுங்கையில் தண்ணீர் நிற்பதில்லை

எங்கள் வகுப்பு வரைபடத்தை நம்புவதானால், போன மழைக்கு வெள்ளவத்தை ஹார்வி ஒழுங்கையில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட நிற்கவில்லை. நான் அந்த ஒழுங்கையில்தான் இருக்கிறேன். அன்று மாலை செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, மதிலைப் பிடித்துப் பிடித்து வீடு வந்து சேர்ந்தவள் நான். ஆனால் திரையில் ஹார்வி ஒழுங்கை துடைத்துவைத்ததுபோல் இருந்தது. நீலப் புள்ளிகள் எல்லாம் ஒழுங்கை முடிகிற இடத்தைத் தாண்டி, கெனல் என்று நாங்கள் சொல்லும் கால்வாயின் கரையில் மொய்த்துக் கிடந்தன.

பிழை என்னுடையதாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். எதிலும் நான் முதலில் அப்படித்தான் நினைப்பேன். பகலில் புதுக்கடையில், நீதிமன்றங்களுக்குப் பக்கத்தில், ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறேன். அங்கே ஒரு தாளில் பிழை வந்தால், அது நான் தொடாத தாளாக இருந்தாலும், என் காதுதான் சூடாகும். வேலை முடிந்ததும் கொட்டாஞ்சேனைக்குப் போவேன். தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள மண்டபத்தின் மேல்மாடியில், கணினியில் வரைபடம் செய்யக் கற்றுத்தருகிற மாலை வகுப்பு. இந்தத் தவணைக்கு எங்கள் ஆசிரியர் தயாபரன் சேர் கொடுத்த வேலை, மழைக்குத் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பதை அவரவர் வசிக்கும் இடத்து ஆட்களையே கொண்டு வரைபடத்தில் குறிக்கவைப்பது.

வேலை சிக்கலானதல்ல. கைத்தொலைபேசியில் சுட்டியை அழுத்தினால் வரைபடம் திறக்கும். தண்ணீர் நின்ற இடத்தில் விரலை வைத்தால் ஒரு புள்ளி விழும். கணுக்காலா, முழங்காலா, இடுப்பா என்று கேட்கும். விரும்பினால் ஒரு படமும் சேர்க்கலாம். அருகருகே மூன்று பேர் ஒரே விஷயத்தைச் சொன்னால் அந்த இடம் உறுதியானது, புள்ளி கருநீலமாகிவிடும். ஒருவர் வைத்த புள்ளியை அவரைத் தவிர வேறு யாரும் நகர்த்த முடியாது. வரைபடத்தைச் செய்த எங்களாலும் முடியாது. "சனம் சொல்லுறதை நாங்கள் திருத்திறதெண்டா பிறகு சனத்தை ஏன் கேக்கிறம்?" என்பார் தயாபரன் சேர்.

எனக்கு அந்த விதி பிடித்திருந்தது. ஒரு நகரத்தில் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பது அலுவலகங்களில் இருப்பவர்களைவிட அதற்குள் நடந்து வருகிறவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் ஒவ்வொருவரும் விரலை வைத்து ஒரு புள்ளி தந்தால் போதும். படம் தானாகத் தெளிந்துவரும் என்று நம்பினேன்.

சுட்டியை ஒழுங்கையின் வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டவர் என் மாமா தில்லைநாதன். அம்மாவின் தம்பி, ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர், ஹார்வி ஒழுங்கைத் தொடர்மாடிக்காரர்களின் சங்கச் செயலாளர். அவருடைய வீட்டில்தான், இரண்டாம் மாடியில், ஓர் அறையில் நான் தங்கியிருக்கிறேன். அவர் சுட்டியைப் போட்ட அன்றே புள்ளிகள் வந்து குவிந்தன. வகுப்பில் வேறு யாருக்கும் அவ்வளவு வரவில்லை. சேர் எல்லோருக்கும் என் திரையைக் காட்டினார். நான் பெருமைப்பட்டேன். அதற்குப் பிறகுதான் உற்றுப் பார்த்தேன்.

முதலில், அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் மாற்றிப் போட்டுவிட்டேனோ என்று பார்த்தேன். இல்லை. அடியில் இருக்கும் வரைபடம் நகர்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். அதுவும் இல்லை. மறுநாள் காலை பஸ் தரிப்பிடத்தில் நின்று என் தொலைபேசியால் நானே ஒரு புள்ளி வைத்தேன். அது சரியாகத் தரிப்பிடத்தின் கூரைமேல் போய் உட்கார்ந்தது. அன்று மாலை வகுப்பில் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

பேர்ணடெற் எனக்குப் பக்கத்துக் கதிரை. கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவள். வகுப்பு முடிந்தால் வீட்டுக்கு நடந்தே போகிறவள்.

"என்ன தனு, முகம் செத்துப்போயிருக்கு?" என்றாள்.

"புள்ளியெல்லாம் தள்ளி விழுந்திருக்கு. எங்கயோ பிழை விட்டிட்டன்."

"எவ்வளவு தள்ளி?"

"ஒரு ஒழுங்கை அளவு."

அவள் என் சுட்டெலியைப் பறித்து, புள்ளிகளோடு வந்த படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஒரு படத்தில் தண்ணீருக்குள் ஒரு கறுப்பு இரும்புக் கேற். இன்னொன்றில் மாடிப்படிக்குக் கீழே செருப்புத் தட்டு. அதிலிருந்த செருப்புகள் மிதந்துகொண்டிருந்தன.

"இந்தத் தோல் செருப்பு யாருட?"

நான் குனிந்து பார்த்தேன். "மாமாட."

"உங்கட மாமா கெனல் கரைக்குப் போய் செருப்பு கழட்டுறவரா?"

நான் புள்ளி விழுந்த இடத்தைத் திரும்பப் பார்த்தேன்.

"உன்ட கணக்கில பிழை இல்லடி. உன்ட ஆக்கள்லதான் பிழை," என்றாள். "எங்கட கொட்டாஞ்சேனையில தண்ணி வந்தா, என்ட வீட்டுக்குத்தான் முதல்ல வந்ததெண்டு சண்டை பிடிப்பாங்க. நீங்க வெள்ளவத்தைக்காரங்க தண்ணியக் கூட அடுத்தவன் வீட்டுக்கு அனுப்பிருவீங்க."

இரவுச் சாப்பாட்டில் மாமாவிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. புட்டைக் குழம்போடு குழைத்தபடியே சொன்னார்.

"ஓம், நான்தான் குழுவில சொன்னனான். கெனல் கரையில, இடுப்பளவெண்டு வையுங்கோ எண்டு."

"ஏன் மாமா?"

"பிள்ளை, நீ படம் கீறுற ஆள். வீடு விக்கிற ஆக்களின்ர பாடு உனக்குத் தெரியாது. இப்ப பிளட் வீடு வாங்க வாறவன் புரோக்கரைக் கேக்கிறதுக்கு முதல் போனில ஒழுங்கையின்ர பேரைத்தான் தட்டிப் பாக்கிறான். தட்ட நீலமா வந்தா வாங்குவானே? ரொறன்ரோவில இருந்து வீட்டுச் சொந்தக்காரன் கேட்டா நான் என்ன சொல்லுறது?"

"அப்ப தண்ணி?"

"தண்ணி வடிஞ்சு ஓடுறதுக்குக் கான் வேணும். அதுக்குத்தானே புள்ளியே வைச்சனாங்கள். கெனல் கரையில தண்ணி நிக்குதெண்டா அங்க வெட்டுவாங்கள். அங்க வெட்டினா இங்க இருக்கிறதும் அதால வடியும். ஒழுங்கையின்ர பேரும் மிஞ்சும். ஒருத்தருக்கும் நட்டம் இல்லை."

கனகேஸ்வரி மாமி சம்பலை என் பக்கம் தள்ளினார். "இவர் ஒருத்தருக்கும் நட்டம் இல்லையெண்டு சொன்னா, ஆருக்கோ நட்டம் எண்டு அர்த்தம்," என்றார்.

யாருக்கு என்பது அடுத்த வகுப்பில் தெரிந்தது. தயாபரன் சேர் மகிழ்ச்சியோடு வந்தார். கெனலை அகலமாக்கும் திட்டம் ஒன்று இருக்கிறதாம். அதைச் செய்கிற அலுவலகம் வெள்ளவத்தையில் பொதுக்கூட்டம் வைக்கப்போகிறது. எங்கள் வரைபடத்தைக் கேட்டார்களாம், சேர் அனுப்பியும்விட்டார். "எங்கட வகுப்பின்ர வேலையை முதல் தடவையா பாவிக்கப் போறாங்கள்," என்றார். கரையில் எந்த வீடுகளில் இடுப்பளவு தண்ணீர் என்று உறுதியாகியிருக்கிறதோ, அந்த வீடுகளை முதற்கட்டத்தில் அகற்றுவார்கள். அங்கிருப்பவர்களுக்கு நகரத்தின் மறுமுனையில் மாடிக்குடியிருப்பில் அறை கொடுப்பார்கள்.

என் திரையில் கெனல் கரை முழுவதும் கருநீலமாக இருந்தது. மூன்று பேர் சொன்னால் உண்மை என்பது எங்கள் விதி. ஒரு ஒழுங்கையே சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்லும் என்று அந்த விதியை எழுதியவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

இடைவேளையில் சேரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.  அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"முழுப் படத்தையும் அழிக்கேலாதா சேர்?"

"அழிச்சா ஒரு இடத்திலயும் தண்ணி இல்லையெண்டு வரும். அதுவும் பொய்தானே." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு வழி இருக்கு. ஒரு வீடு வேணும். சுவரில தண்ணி நிண்ட அடையாளம், நிலத்திலயிருந்து அளந்த உயரம், வீட்டுக்காரரின்ர சம்மதம். விலாசம் எல்லாருக்கும் தெரியிற மாதிரி வெளியில இருக்கோணும். அப்பிடி ஒரு வீடு இருந்தா, அதைக் காட்டி மற்றப் புள்ளியளைக் கேள்வி கேக்கலாம். ஒண்டு போதும்."

சனிக்கிழமை பேர்ணடெற்றையும் கூட்டிக்கொண்டு முதலில் கெனல் கரைக்குப் போனேன். எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஆனால் நான் அங்கே போனதில்லை. முன்பு கெனலைத் தோண்டியபோது அள்ளிப் போட்ட மண் கரையில் மேடாகிக் கிடந்தது. அந்த மேட்டின்மேல் ஒரு வரிசை வீடுகள். முதல் வீட்டு வாசலில் ஒரு பெண் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். டில்ஷானி என்று பெயர் சொன்னாள். காலி வீதி என்ற பெருந்தெருவில் ஒரு சலூனில் வேலை. பேர்ணடெற் சிங்களத்தில் தொடங்கினாள். அவள் தமிழிலேயே பதில் சொன்னாள். தொலைபேசியில் வரைபடத்தைக் காட்டி, அதை வைத்து என்ன செய்யப்போகிறார்கள் என்றும் சொன்னோம்.

"இடுப்பளவா? இந்த வீட்டிலயா?" டில்ஷானி தன்னைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். "யாருட இடுப்பு?"

பேர்ணடெற் சிரித்துவிட்டாள். டில்ஷானி சிரிக்கவில்லை.

"மழை பெய்தா உங்கட ஒழுங்கைக் கார் எல்லாம் இங்க மேலதான் வந்து நிக்கும். இந்தக் கதவத் திறக்க ஏலாது. தண்ணி வார இடத்துக்கா கார் கொண்டாந்து விடுவாங்க?"

மழை இருட்டும்போது மாமா சாவியை எடுத்துக்கொண்டு கீழே ஓடுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எங்கே கொண்டுபோய் விடுகிறார் என்று கேட்கத் தோன்றியதில்லை.

"புள்ளைட ஸ்கூல் இங்க. என்ட சலூன் இங்க. அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டா ரெண்டுமே இல்ல," என்றாள் டில்ஷானி. பின்னலை முடித்து நாடாவைக் கட்டினாள். "ரோட்டுக்கு வேணும், கெனலுக்கு வேணும் எண்டு எழுப்பினா என்ன செய்ற, போகணும். வராத தண்ணி வந்தது எண்டு சொல்லி எழுப்ப வேணாம் மிஸ்."

அங்கிருந்து ஹார்வி ஒழுங்கைக்கு வந்து, கீழ்வீடுகளாகப் பார்த்து ஒவ்வொரு கதவாகத் தட்டினோம். எல்லோரும் கதிரை போட்டார்கள். தேத்தண்ணி தந்தார்கள். ஒரு ஐயா வீடு லண்டனில் இருக்கும் மகளின் பேரில் என்றார். அவளைக் கேட்காமல் சுவரை அளக்க முடியாதாம். இன்னொரு வீட்டில் அடையாளம் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. "அது தண்ணி இல்லைப் பிள்ளை, பூஞ்சணம்," என்றார் அந்த அம்மா. "பூஞ்சணம் கோடு கீறியே வளருது?" என்று பேர்ணடெற் கேட்க, "எங்கட வீட்டுப் பூஞ்சணம் அப்பிடித்தான்," என்று அவர் முகம் மாறாமல் சொன்னார்.

ஒழுங்கையின் பள்ளமான முனையில் கடைசி வீடு ஸமீமா அன்ரியுடையது. மாமிக்குச் சட்டை தைத்துக் கொடுப்பவர் என்ற அளவில்தான் அவரை எனக்குப் பழக்கம். கணவருக்குக் கட்டார் நாட்டில் வேலை. வீடு விற்பனைக்கு இருந்தது. தெஹிவளையில் தங்கைக்குப் பக்கத்தில் ஒரு மேல்மாடி வீடு பார்த்து வைத்திருந்தார். ஹெந்தளையிலிருந்து ஒரு குடும்பம் ஒருமுறை வந்து பார்த்துப் பிடித்துப்போய், மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வாக்குக் கொடுக்க வருவதாக இருந்தது. முன்னறைச் சுவருக்குப் புதிதாக இளம்பச்சைப் பெயின்ட் அடித்திருந்தது. வாசனை இன்னும் போகவில்லை. அந்தச் சுவரைப் பார்த்ததுமே கேட்காமல் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். பேர்ணடெற் கேட்டுவிட்டாள்.

ஸமீமா அன்ரி மிஷினை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். டில்ஷானியின் வரிசையை அங்கிருந்து எழுப்பப் போகிறார்கள் என்ற இடத்தில் கால் நின்றது.

"அந்தப் புள்ளிகள்ல ஒண்டு நான் வெச்சது மகள்," என்றார். "குழுவில சொன்னாங்க, நானும் வெச்சன். கான் வரும் எண்டுதான் நெனச்சன். ஊடு ஒடைக்க வருவாங்க எண்டு தெரியாது."

எழுந்து குசினிக்குப் போனார். ரொட்டி பிரட்டுகிற தட்டகப்பையோடு வந்தார்.

"எந்த எடத்துல சுரண்டோணும்?"

எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. பேர்ணடெற்றுக்கு உடனே விளங்கியது. "அன்ரி, நாளைக்கு ஆக்கள் வாராங்கதானே. அவங்க வாக்குக் குடுத்திட்டுப் போகட்டும். கூட்டம் அடுத்த சனிக்கிழமைதான். திங்கக்கிழமை சுரண்டினாலும் போதும்."

எனக்கும் அது நல்ல வழியாகப் பட்டது. எல்லாம் கூடிவருகிறது என்று மனம் லேசானது.

"வாக்கு வாங்கின பொறகு சுரண்டினா அதுக்குப் பேர் என்ன மகள்?" என்றார் ஸமீமா அன்ரி. "சாமானுல குறை இரிந்தா காட்டித்தான் விக்கோணும். மறைச்சி விக்கிறது ஹராம். எங்கட ஊட்டுல சின்னப் புள்ளைக்கும் அது தெரியும். இந்தச் சுவருக்குப் பெயின்ட் வாங்கக்குள்ள எனக்கு ஏன் ஞாபகம் வரல்ல எண்டுதான் யோசிக்கிறன்."

மண்டியிட்டு, சுவரின் மூலையில் தட்டகப்பையை வைத்துச் சுரண்டத் தொடங்கினார். பச்சைச் சுருள்கள் தரையில் விழுந்தன. அடியில் பழைய வெள்ளை தெரிந்தது. அதன் குறுக்கே, ஓடித் தைத்த தையல்போல் நேராக, ஒரு மண்ணிறக் கோடு. முழங்காலுக்குச் சற்று மேலே. மூலையிலிருந்து கதவு நிலை வரை முழுக் கோடும் தெரியும்வரை அவர் நிறுத்தவில்லை. எங்களைச் சுரண்டவும் விடவில்லை. "நீங்க கிறுக்கிப் போட்டிருவீங்க," என்றார்.

நான் நாடாவைப் பிடித்து மூன்று முறை அளந்தேன். பேர்ணடெற் படம் எடுத்தாள். விலாசத்தை எல்லோருக்கும் காட்டலாமா என்று தொலைபேசி கேட்டபோது, அன்ரி கண்ணாடியைப் போட்டு வாசித்து, "ஓம்" என்பதை அழுத்தினார். பிறகு கெனல் கரையில் தன் பழைய புள்ளியைத் தேடிப் பிடித்து, இழுத்துக்கொண்டு வந்து தன் வீட்டின்மேல் வைத்தார். ஹார்வி ஒழுங்கையில் முதல் நீலப் புள்ளி அது.

கோட்டின் படத்தைக் கணவருக்கும் அனுப்பினார். உடனே கட்டாரிலிருந்து அழைப்பு வந்தது. "ஓம், சுரண்டிட்டன்," என்றார். "இல்ல, பைத்தியம் இல்ல. சொல்லித்தான் விப்பன். நீங்க அங்க சோறு தின்டிட்டுப் படுங்க." தொலைபேசியை வைத்துவிட்டு மிஷினில் உட்கார்ந்தார். "மாமிட சட்டை நாளைக்கு வந்து எடுங்க மகள்."

நானும் ஒழுங்கான ஆள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் பேர்ணடெற் சொன்ன திங்கட்கிழமையில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஸமீமா அன்ரிக்கு அது கேட்ட உடனேயே தெரிந்தது. 

ஞாயிற்றுக்கிழமை சட்டையை எடுக்கப் போனபோது ஹெந்தளைக்காரர்கள் வந்திருந்தார்கள். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். ஸமீமா அன்ரி அவர்களை உட்காரச் சொல்வதற்கு முன்னரே சுவருக்குக் கூட்டிப்போனார். அந்தப் பெண் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"வருசா வருசம் வருமா?" என்று கணவர் கேட்டார்.

"பெரிய மழைக்கு வரும். போன மழைக்கு இவ்வளவு. அதுக்கு முந்தி இன்னும் கொஞ்சம் குறைய."

கோப்பி குடித்தார்கள். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். கேற்றடியில் கணவர் திரும்பி, "நீங்க சொல்லாட்டி எங்களுக்குத் தெரிஞ்சிரிக்காது," என்றார். அன்ரி தலையசைத்தார். அந்த வாரம் அவர்கள் அழைக்கவில்லை.

ஒழுங்கைக் குழுவில் அதற்குள் தீப்பிடித்திருந்தது. யாரோ வரைபடத்தில் அந்தப் புள்ளியைக் கண்டுவிட்டார்கள். மாமா தொலைபேசியைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "அந்த மனிசி ஒழுங்கையின்ர பேரையே கெடுத்துப்போட்டுது."

"பேரைக் கெடுத்தது தண்ணி," என்றார் மாமி. "மனிசி என்ன செய்தது?"

இரண்டு நாளில் காற்று மாறியது. பேர் போனது போய்விட்டது. இனிக் கான் வருவதென்றால் தங்கள் கேற்றுக்கு முன்னால் வரட்டும் என்று ஆளுக்கு ஆள் நினைக்கத் தொடங்கினார்கள். கெனல் கரையிலிருந்த புள்ளிகள் ஒவ்வொன்றாக எழுந்து ஹார்வி ஒழுங்கைக்குள் வந்தன. வந்ததோடு நிற்கவில்லை, வளர்ந்தன. மாமா தன் கேற்றில் இடுப்பளவு வைத்தார்.

"மாமா, ஸமீமா அன்ரியின்ர சுவரில முழங்காலுக்குக் கொஞ்சம் மேலதான். எங்கட கேற் அவவின்ர வீட்டைவிட மேட்டில."

"அப்ப என்ன வைக்கச் சொல்லுறாய்?"

"கணுக்கால்."

"கணுக்காலுக்கு ஆரடி கான் வெட்டுவான்?"

ஆனாலும் மாற்றினார். அந்தக் கோட்டின் படத்தை ஒவ்வொருவருக்கும் அனுப்பினேன். கூட்டிச் சொன்னவர்கள் முணுமுணுத்துக்கொண்டு குறைத்தார்கள். வெள்ளிக்கிழமை திருத்திய வரைபடத்தைச் சேர் அனுப்பினார். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

சனிக்கிழமைக் கூட்டம் காலி வீதிக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலை மண்டபத்தில் நடந்தது. வந்த அதிகாரி இளைஞர், மரியாதையானவர். சிங்களத்தில் பேசினார், ஒருவர் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். இரண்டு வரைபடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் திரையில் போட்டார். இடப்பக்கத்தில் கெனல் கரை கருநீலம். வலப்பக்கத்தில் ஹார்வி ஒழுங்கை.

"இந்த வகுப்புத்தான் இரண்டையும் அனுப்பியது," என்றார். "சில நாட்களுக்குள் தண்ணீர் முழுவதும் கரையிலிருந்து ஒழுங்கைக்கு நடந்து போயிருக்கிறது. எதை நம்புவது?"

எல்லோரும் என்னையும் தயாபரன் சேரையும் பார்த்தார்கள். வேலையைச் செய்தவள் நான் என்பதால் சேர் என்னை எழும்பச் சொன்னார். என்ன சொல்வது என்று ஒழுங்காக எழுதிவைத்திருந்தேன். எழும்பியதும் முதல் வரி எங்கே என்று தேடினேன். மூன்று பேர் விதியைப் பற்றி ஏதோ தொடங்கினேன். ஏன் எல்லோரும் ஒரே இடத்தில் பிழையாக வைத்தார்கள் என்று அவர் கேட்டபோது, மாமாவின் பின்தலை எனக்கு முன்னால் இரண்டு வரிசை தள்ளித் தெரிந்தது. நிறுத்திவிட்டேன்.

அதிகாரி காத்திருந்து பார்த்தார். பிறகு, காரணம் தெரியாமல் மாறிய வரைபடத்தைத் தன்னால் ஏற்க முடியாது, அதிகம் பேர் ஒரே அளவைச் சொல்லி உறுதிசெய்த முதல் வரைபடத்தையே எடுப்பதுதான் முறை என்றார். மண்டபத்தின் பின்னால் டில்ஷானி நின்றிருந்தாள். முன்னால் இருந்த கதிரையின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

ஸமீமா அன்ரி எழும்பினார். அவருடைய சிங்களம் என்னுடையதைவிட நல்லது.

"மாத்தயா, கரையில் புள்ளி வைத்ததில் நானும் ஒருத்தி," என்றார். "என் ஒழுங்கைக்குப் பேர் கெட்டுவிடும், வீடு விலைபோகாது என்று பயந்து வைத்தேன். காரணம் அதுதான்; வேறு மர்மம் ஒன்றும் இல்லை. தண்ணீர் வந்தது என் வீட்டுக்கு. இங்கிருந்து நடந்து போகிற தூரம். சுவர் திறந்துதான் கிடக்கிறது. அளக்கிற ஆட்களும் உங்களோடு வந்திருக்கிறார்கள். வந்து பாருங்கள்."

 அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தாள்களை மடித்து எடுத்துக்கொண்டார்.

கூட்டம் முழுவதும் காலி வீதியைக் கடந்து ஹார்வி ஒழுங்கைக்குள் இறங்கியது. அதிகாரி முன்னறையில் குந்தி அந்தக் கோட்டைப் பார்த்தார். நில அளவையாளர் இருவர் முக்காலியில் கருவியை நிறுத்தி, கோட்டின் உயரத்தை எடுத்துக்கொண்டு, ஒழுங்கை வழியாகப் படிப்படியாகக் கெனல் கரைக்கு ஏறினார்கள். நாங்களும் பின்னால் போனோம். டில்ஷானியின் வாசற்படியில் அளவுக்கோலை நிறுத்திப் பார்த்தபோது, படி அந்தக் கோட்டைவிட ஒரு மேசையளவு உயரத்தில் இருந்தது. அளவையாளர் எண்ணைச் சொன்னார். அதிகாரி இன்னொரு முறை பார்க்கச் சொன்னார். அதே எண்தான்.

அவர் தன் தாளில் கரை வரிசையின் குறுக்கே ஒரு கோடு போட்டார். முதற்கட்டத்தில் இந்த வீடுகள் இல்லை என்றார். ஒழுங்கையின் பள்ளமான முனையிலிருந்து கெனலுக்கு ஒரு கான் வெட்டச் சிபாரிசு செய்வதாகவும் சொன்னார். அது எப்போது வரும் என்று மாமா கேட்டார். அதற்கு அவர் சிரித்ததோடு சரி.

"வாயால சொல்லாம எழுதித் தாங்க மாத்தயா," என்றாள் டில்ஷானி. அவர் அவள் வீட்டு ஜன்னல் கட்டில் தாளை வைத்து எழுதி, கையெழுத்திட்டுக் கொடுத்தார். அவள் அதை இரண்டு முறை வாசித்துவிட்டு உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

ஆட்கள் கலைந்தார்கள். மாமா ஸமீமா அன்ரிக்கு அருகே வந்து, தொண்டையைச் செருமி, "நல்லாச் சொன்னீங்கள்," என்றார். வேறு ஒன்றும் சொல்லாமல் மேட்டை இறங்கிப் போனார்.

"வீடு விக்கப் போறீங்க எண்டு கேள்விப்பட்டன்," என்றாள் டில்ஷானி.

"விக்கத்தான் இரிக்கி. பார்த்தவங்க வரல்ல. இன்னொருத்தர் வந்தா அவங்களுக்கும் சுவரக் காட்டோணும்."

"அப்ப வார மழைக்கு?"

"வார மழைக்கு இங்கதான் இரிப்பன். என்ட மிஷின் ரெண்டுக்கும் உங்கட ஊட்டுல எடம் தருவீங்களா?"

"எவ்வளவு பெரிசு?"

ஸமீமா அன்ரி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். டில்ஷானி அந்த அகலத்தைக் கண்ணால் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கட்டிலைச் சுவரோரமாக இழுக்கும் சத்தம் கேட்டது.